எடைச்சீட்டின் பின்புறம்

முதலில் ஒரு புள்ளி. அது அடி.
மேலே ஒரு வளைவு,
மடித்த தோசையின் விளிம்பு மாதிரி.
புள்ளியிலிருந்து வளைவு வரை ஏழு கோடு.
நடுக்கோடு மட்டும் நேர்,
மற்றவை ஓரம் போகப்போகச் சாயும்.
அவ்வளவுதான் என்றது
பஜ்ஜி மடித்து வந்த சிறுவர் மலர்.

கடலூர் முதுநகர், துறைமுகத்து எடைமேடை.
இரவு இரண்டு மணி. லாரி இல்லை.
மத்திக் கூடையிலிருந்து உதிர்ந்த சிப்பி
கால்குலேட்டர் மேல் உட்கார்ந்திருக்கிறது.

முதல் சிப்பி விசிறியாயிற்று.
இரண்டாவது, வீங்கிய பாதம்.
மூன்றாவதைப் பார்த்த தேசம்மா
ஐஸ் உடைக்கிற கட்டையைக் கீழே வைத்துவிட்டு
"பல்செட்டா சார்?" என்றாள்.

நான்காவதில்தான் புரிந்தது,
ஓரம் வழவழப்பாக இருக்கக் கூடாது.
இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு மேடு,
கோடு முடிகிற இடத்தில் பள்ளம்.

சும்மா ஒரு ஆசை.
சிப்பியை மேடையில் கொண்டுபோய் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
திரையில் பூஜ்யம்.
நானும் ஏறி நின்றேன்: எழுபது.
இறங்கினேன்.

அப்புறம் பாலக்காட்டு லோடு.
ஹாரன் அவசரத்தில் ஐந்தாவது சிப்பி
சீட்டின் முதுகில் ஏறிப் போய்விட்டது,
பன்னிரண்டு டன் மத்தியோடு.

மறுநாள் மதியம் நாச்சிமுத்து போன்:
"ஏனுங்க, பின்னாடி என்னமோ போட்டிருக்குதே?
வாளையாத்துல கேட்டானுங்க.
ஆபீஸ் முத்திரைன்னேன். உட்டுட்டானுங்க."

இன்றைக்கு ஆறாவது.
கை தவறி எட்டுக் கோடு விழுந்துவிட்டது.
அழிக்குமுன்
கால்குலேட்டர் மேல் இருப்பதை எண்ணினேன்.
இருபத்தி மூன்று.