முதன்மைப் பதிவு எது?

வெள்ளி இரவு ஒன்பதுக்குப் பழைய மென்பொருளைப் பூட்டியாயிற்று.
இனி ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாதென்று
ஹெய்னி தொல்வானென் மூன்று முறை கடிதம் போட்டிருந்தாள்.
ஒன்பது பத்துக்கு யாரோ ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்தினார்கள்.
யாரென்று அவளுக்குத் தெரியும்.
விற்பனைப் பிரிவில் லவுரியைத் தவிர
அந்த நேரத்தில் யாருக்கு மனசாட்சி உறுத்தும்?

ஊலு நகரில் நவம்பர்.
தெருவிளக்கு எட்டும் வரைக்கும்தான் பனி பெய்வதுபோலிருக்கிறது.
சவுனா அடுப்பு விற்கும் கம்பெனி;
அதன் நாற்பத்தோராயிரத்து இருநூற்றாறு வாடிக்கையாளர்கள்
இன்றிரவு வீடு மாறுகிறார்கள்,
அவர்களுக்கே தெரியாமல்,
தூங்கிக்கொண்டே.

புது வீட்டில் அறைகள் வேறு மாதிரி.
பழையதில் பெயருக்கு ஒரே பெட்டி,
இங்கே முதற்பெயர் தனி, குடும்பப்பெயர் தனி.
'குறிப்புகள்' என்றொரு பரண் இருந்தது அங்கே,
பதினாறு வருஷம் யார் யாரோ ஏற்றிவைத்தது:
"நாய் கடிக்கும். பின்வாசல் வழியே போகவும்."
"விலை கேட்பார், வாங்க மாட்டார், காபி நன்றாயிருக்கும்."
புதியதில் பரண் கிடையாது.
இருநூற்றைம்பத்தைந்து எழுத்துக்கு மேல்
கத்தரித்து வெளியே போடும்.

முதல் சோதனையில்
எழுத்தின் தலைமேலிருந்த இரட்டைப் புள்ளிகள் வழியில் கொட்டிப்போய்
வானனென் குடும்பத்தார் அத்தனை பேரும்
பெயருக்குள் மும்மூன்று கேள்விக்குறிகளோடு வந்து இறங்கினார்கள்.
அதைச் சரிசெய்தாள்.
இரண்டாவது சோதனையில் வியர்த்தது:
பழையதில் 'ஆம்' என்றால் மடல் அனுப்பாதே;
புதியதில் 'ஆம்' என்றால் அனுப்பு.
வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மூவாயிரம் பேர்
ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு
தலைகீழாய்க் கவிழ இருந்தார்கள்.
பிடித்து நிமிர்த்தினாள். ஆறிப்போன காபியைக் குடித்தாள்.

பிறகு இரட்டைகள்.
ஒரு மின்னஞ்சலுக்கு ஓர் ஆள்தான், புதிய வீட்டுச் சட்டம்.
இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இருவர் இருந்தார்கள்.
முதலாவது:
எல்வி புல்க்கினென், ஹவுகிபுதாஸ்.
தைஸ்தோ புல்க்கினென், அதே தெரு, அதே கதவு, அதே மின்னஞ்சல்.
முதன்மைப் பதிவு எது? என்று கேட்டது திரை.

விதி இருக்கிறது. கடைசியாக வாங்கியவர் நிற்பார், மற்றவர் கரைவார்.
தைஸ்தோ, செப்டம்பரில் அடுப்புக்கல் இரண்டு பெட்டி, தொலைபேசி வழியாக.
எல்வி ஐந்து வருஷமாய் ஒன்றும் வாங்கவில்லை.
பரணில் கிடந்தது:
"அவருக்குக் காது மந்தம். மனைவியிடமே பேசவும்."
அதற்குக் கீழே, வேறொருவர் தட்டியது, போன வருஷத் தேதியிட்டு:
"இப்போது அவரே பேசுகிறார். சத்தமாகப் பேசவும்."
காரணம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் எல்வி பெயருக்குப் போன மடல் ஒவ்வொன்றும்
திறக்கப்பட்டிருக்கிறது.
செவ்வாய்தோறும். காலை ஆறு பன்னிரண்டு, ஆறு பதினான்கு.
போன செவ்வாய்கூட.
தைஸ்தோ பெயருக்குப் போனவை பிரிக்கப்படாமலே கிடக்கின்றன.

யார் திறக்கிறார்கள் என்பதற்கு
இரண்டு வீட்டிலும் அறையில்லை.

ஹெய்னி முதற்பெயர்ப் பெட்டியில்
இருவரையும் எழுதி நடுவில் ஒரு குறியிட்டாள்.
செல்லாத எழுத்து என்றது.
உம்மைத்தொகை தெரியாத இயந்திரம்;
தொக்கி நிற்கும் எதையும் அது ஏற்பதில்லை.
விரித்தே எழுதினாள்: எல்வியும் தைஸ்தோவும்.
ஏற்றுக்கொண்டது.

மிச்சம் இருநூற்றுப் பதினொன்று.
மணி இரண்டே முக்கால்.
விதியை அழுத்தினாள்.
நாற்பது நொடி ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை முதல் மடல் போனது:
வணக்கம் எல்வியும் தைஸ்தோவும்,
குளிர் வந்துவிட்டது, உங்கள் அடுப்பு தயாரா?
தான் திருத்திய எண்ணைக் காணோமென்று
லவுரி மேசைக்கு வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.
அவன் தோளுக்கு அப்பால் அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது.
ஹவுகிபுதாஸ். திறக்கப்பட்டது: ஆறு பதின்மூன்று.
தனிநபர் எண்ணிக்கை: ஒன்று.