எட்டுப் புள்ளி

பிறையில் இடைத்தேர்தல்.
ஒரே முகம், மூன்று மொழி, மடித்தால் ஆறு பக்கம்.
ஆறாயிரம் பிரதி காலைக்குள் வேண்டும்.
பாதிப் பணம் கையில் வந்துவிட்டது.

மலாய்ப் பக்கத்தில் போர் முதல் வரியிலேயே நின்றது
இருபத்து நான்கு புள்ளியில், சிவப்பில்:
உடனே நிறுத்து.
சீனப் பக்கத்தை டயர் கடை பூன் ஹுவாட்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்துச் சொன்னார்.
அங்கே அது 'பதற்றம்',
சமையல் எண்ணெய் விலைக்கு அடுத்து.
தமிழ்ப் பக்கத்தில் கால்வாய் இருந்தது,
பள்ளிக்கு இரண்டு வகுப்பறை,
சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு.
போரைத் தேடினேன்.

உதவியாளன் யுவேந்திரனை அழைத்தேன்.
விட்டுப் போச்சா, விட்டுட்டீங்களா?
"நம்ப ஆளுங்களுக்கு அது எதுக்குக்கா" என்றான்.
"செராமாவுல யாராச்சும் எழுந்து
நமக்கு நடந்தப்ப எங்க போனீங்கன்னு கேப்பாங்க.
வம்பு. கால்வாயே போதும்."

கேட்பார்கள்தான்.
நானே கேட்டிருக்கிறேன்.
அந்த மே மாதம், இதே கடையில்,
கறுப்புக் கரை கட்டி ஒரு பெயர்ப்பட்டியல் அடித்தேன்.
இருநூறு தாள், காசு வாங்கவில்லை.
எழுபதோ எண்பதோ போயிற்று.
மிச்சத்தின் பின்பக்கத்தில்
மூன்று வருஷம் கடைக்கணக்கு எழுதினேன்.
மை வாங்கியது, வாடகை, மின்கட்டணம்;
திருப்பினால் பெயர்கள்.

அதனால் அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.
இன்னொரு வீட்டு இழவு வாசலில் நின்று
மொய் நோட்டைப் புரட்டுகிற கை
எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.
என்னுடையதைப் போலத்தான் இருக்கும்.

ஏழரைக்கு ஃபேக்டரி பஸ் எதிரே வந்து நின்றது.
நீலச் சட்டைப் பெண்கள் இறங்கினார்கள்,
என் நாத்தனார் கோமளமும் அவர்களில்.
பன்னிரண்டு மணி நேரம் உருப்பெருக்கியில் பார்த்துச்
சரி, சரி, சரியில்லை என்று பிரித்த சில்லுகள்
எந்த ஊர் வானத்தில் எதற்குள் உட்காரும் என்று
அவளுக்கு யாரும் சொன்னதில்லை.
அவளும் கேட்டதில்லை. கால் வலிக்கிறது என்றாள்.
நம்ப ஆளுங்களுக்கு அது எதுக்கு.

பதினொரு மணிக்கு வேட்பாளரே வந்தார், நனைந்து,
கையில் மீ கோரெங் பொட்டலத்தோடு.
தவநேசன் கெட்டவர் இல்லை.
போன வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில்
பாய் சுமந்தவர், படம் எடுக்க ஆள் இல்லாதபோதும்.
திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"நான் போருக்கு எதிரிதான்கா,
எல்லா மொழியிலயும்" என்றார்.
அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு
"சின்னதாப் போடுங்க. கீழ."

எவ்வளவு சின்னதா?

"எட்டு."

இந்தத் தாளுக்கு எட்டு ஆகாது.
மை பரவும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி நிற்காது.
சோதனைத் தாளை எடுத்து விளக்கடியில் காட்டினேன்.
போர நிறக வேணடும என்று இருந்தது.
முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல.

அவர் சிரிக்கவில்லை.
பொட்டலத்தைப் பிரித்தார், சாப்பிடவில்லை, மூடினார்.
"உங்களுக்குத் தெரிஞ்சதப் பண்ணுங்க."

அது அனுமதியா, தப்பித்தலா,
இன்னும் எனக்குத் தெளிவில்லை.
பன்னிரண்டு போட்டேன்.
கால்வாய்க்கு மேலே ஏற்றவில்லை,
அந்தத் தைரியம் எனக்கும் இல்லை.
வகுப்பறைக்கும் சுடுகாட்டு விளக்குக்கும் நடுவே
ஒரு வரி,
புள்ளி எல்லாம் தலையில் நிற்க.

விடியும்போது கட்டுகளை ஏற்றிப் போனார்கள்.
மேசைமேல் நாற்பது கழிவுத் தாள்.
பழக்கத்தில் ஒன்றைத் திருப்பினேன்,
மீதிப் பணத்தைக் குறித்துவைக்க.

இரு பக்கமும் அச்சு.
எழுத இடமில்லை.