மீன் வாங்காத கஸ்டமர்

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் லூர்து
எனக்கென்று ஒரு கட்டி ஐஸை
சாக்குக்குள் ஒதுக்கிவைப்பார்.
மீன் வாங்காத கஸ்டமர் என்று எனக்குப் பெயர்.

வீட்டில் வாளிக்குள் பாதங்கள்,
சூளையில் இருந்து எடுத்த செங்கல் மாதிரி.
நோயின் பெயரை
டாக்டர்களே எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார்கள்.

பிறகு முதுகுத்தண்டோரம் இரண்டு கம்பி,
இடுப்புத் தோலுக்கடியில்
தீப்பெட்டி அளவு பேட்டரி.
"பாதி குறைஞ்சாலே வெற்றி" என்றார் டாக்டர் நப்பின்னை.
எதில் பாதி என்று நான் கேட்கவில்லை.

இப்போது எரிந்த இடத்தில் எறும்பு ஊர்கிறது.
எறும்போடு தூங்கலாம்.

எழும்பூர் மெட்ரோவில்
வாசல் கத்துமுன் அட்டையை நீட்டுகிறேன்.
"ஹார்ட்டா மேடம்?"
"கால்."
அவள் என் இடுப்பையும் காலையும்
மாறிமாறிப் பார்த்தாள்.

நேற்றிரவு கரண்ட் போனது.
ரிமோட்டில் ஒரே ஒரு கோடு சார்ஜ்.
தெருவே ஃபேனுக்காகத் திட்டிக்கொண்டிருந்தது.
சார்ஜர் பெல்ட்டைக் கட்டியபடி
நானும் சேர்ந்து திட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே.

காலையில், மே மாத வெயிலில்,
செருப்பு போட்டுக்கொண்டு போனேன்.
லூர்து வழக்கம்போலச் சாக்கை விலக்கினார்.

"அரைக் கிலோ சங்கரா குடுங்க."
அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐஸும் குடுங்க.
பாதி போதும்."