காரணம்: தொண்ணூற்றேழு

திருத்துறைப்பூண்டியில் உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாடையும் சேர்ந்தேறும் படிக்கட்டு.
இரவு ஒன்பதுக்கு மேல்
அங்கே அமெரிக்கா தொடங்கும்.

என் வேலை சின்னது.
யாரோ யாரையோ போனில் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள்:
அரசாங்கத்தை எவ்வளவு நம்புகிறீர்கள்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.
அந்த எண்ணை மெஷினே எடுத்துக்கொள்ளும்.
ஏன் என்று அவர்கள் சொன்னது மட்டும்
என் திரைக்கு வரும்.
படித்து அதற்கொரு கோடு போடவேண்டும்.
ஒரு பதிலுக்கு எழுபது பைசா.

கோபுரங்கள் விழுந்த காலை, பதினொன்று.
இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போன போர், பன்னிரண்டு.
அதில் மகனைக் கொடுத்தவளுக்கும் பன்னிரண்டுதான்
டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் பன்னிரண்டுதான்.
வீட்டைப் பிடுங்கிய வங்கி மூழ்கப்போனபோது
கை கொடுத்துத் தூக்கிவிட்டார்களே, அது பதினான்கு.
முதுகுவலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை
தங்கையைக் கொண்டுபோனது, பதினேழு.

பதினைந்தும் பதினாறும் ஏன் காலி
என்று ஹபீப் நிஷாவிடம் கேட்டேன், சேர்ந்த புதிதில்.
இனிமே நடக்கிறதுக்கு, என்றாள்.
சிரித்தோம்.

ஒரே வருஷத்தில் இரண்டும் நிரம்பின.
கடைசியாக முகம் பார்க்க விடவில்லை, பதினைந்து.
முகத்தை மூடச் சொன்னார்கள், அதற்கும் பதினைந்து.
ஒரு மனிதன் கழுத்தின்மேல்
ஒரு முழங்கால், பதினாறு.
தை பிறக்க ஒரு வாரம் இருக்கையில்
ஒரு கூட்டம் அவர்கள் நாடாளுமன்றத்துக் கண்ணாடியை உடைத்தது.
ஆரோக்கியநாதன் சார் அன்றைக்கே பதினெட்டைத் திறந்தார்.
உடைத்தது சரி என்றவர்களுக்கும்
பார்த்து அழுதவர்களுக்கும்.

எங்களுக்கு யார் கோடு போட்டார்களோ தெரியாது.
கஜா புயலுக்குப் பத்து நாள் கழித்து
டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள்.
ஓடு போச்சா, தென்னை எத்தனை, ஆடு மாடு?
சொன்னோம். தண்ணீர் கேட்டாள், கொடுத்தோம்.
பட்டியலில் எங்கள் தெரு: பகுதிச் சேதம்.
கூரையில்லாத வீட்டுக்குள் நின்று
நல்ல வெளிச்சத்தில் அதைப் படித்தேன்.

போன வாரம் ஒரு பதில்.
ஒஹாயோ. ஆண். வயது அறுபத்தொன்று.

என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை.
எதிர்வரிசையில் என் தம்பி வீடு.
தேர்தலுக்கு அவன் வாசலில் ஒரு பெயர்ப் பலகை நட்டான்,
நான் வேறொரு பெயரை நட்டேன்.
நாலு வருஷம் பேசவில்லை.
ஒரு ராத்திரி ஆம்புலன்ஸ் விளக்கு
என் சுவரில் சுற்றிச் சுற்றி வந்தது.
நீங்கள் அரசாங்கத்தைப் பற்றியே கேட்கிறீர்கள்.

சார், இதற்கு என்ன போட?
எட்டிப் பார்த்தார். மற்றவை. தொண்ணூற்றேழு.
தள்ளும்மா, இன்னும் இருநூறு கிடக்கு.

போட்டேன்.
எழுபது பைசா ஏறியது.

எங்கள் வயலுக்கும் பக்கிரிசாமி வயலுக்கும்
ஒரே மடை.
மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி
யாரோ மண்மூட்டை வைத்து அடைத்தார்கள்.
நாங்கள் இல்லை.
அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.
அப்புறம் கல்யாணத்துக்கும் போகவில்லை,
சாவுக்கும் போகவில்லை.

ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு ஸ்கூட்டியில் வருகிறேன்.
மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
செய்தியில் கடைமடைக்கே வந்துவிட்டது தண்ணீர்,
மலர் தூவி வரவேற்றிருக்கிறார்கள், எந்தக் கடைமடையிலோ.
எங்கள் வாய்க்காலில் ஒரு நாய் படுத்திருந்தது.
புழுதியில் விதைத்த நெல்
பத்து நாளாய் அப்படியே கிடக்கிறது.

மதகுப் பக்கம் பக்கிரிசாமி நின்றிருந்தார்.
வண்டியை மெதுவாக்கியிருக்க வேண்டாம்.
மெதுவாக்கினேன்.

தண்ணி எதுவரைக்கும் வந்திருக்காம்?
என்னிடம்தான் கேட்டார்,
நாயைப் பார்த்துக்கொண்டு.

மூணாறு தலைப்பைத் தாண்டிருச்சாம், என்றேன்.
லஸ்கர் சொன்னதை ஹபீப் நிஷாவின் மாமா சொல்லி
அவள் எனக்குச் சொன்னது.

யாரு சொன்னா, என்றார்.

வண்டியை அணைத்தேன்.