லாக் புத்தகத்தில் ஏழாவது கட்டம்

தலைவருக்குப் பேட்டரி கார் வந்த அன்று
சக்கரத்துக்கு எலுமிச்சை வாங்கியது நான்தான்.
பில் கொடுத்தேன், பாஸ் ஆகவில்லை.
மாலையோடு கதவருகில் நின்று சொன்னார் வாரியத் தலைவர்:
"மக்கள் பணத்தில் இனி ஒரு சொட்டு டீசல்கூட இல்லை."
கைதட்டல் அடங்கியதும் கடற்கரைச் சாலையில் கிளம்பினோம்.
கண்ணாடியில் எண்ணினேன்,
பின்னால் ஐந்து வண்டி,
ஐந்தும் டீசல்.

சத்தமே இல்லை அந்தக் காரில்.
முதல் வாரம் பொத்தானை அமுக்கிவிட்டு
உயிர் வந்ததா இல்லையா என்று
காதை ஸ்டியரிங்கில் வைத்துப் பார்த்தேன்.

முருங்கப்பாக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பெண்
நடுரோட்டை விட்டு நகரவேயில்லை.
ஆரன் அடிப்பதற்குள் திரும்பி
பானெட்டில் ஈரக்கையை ஊன்றிக் கேட்டாள்:
"வண்டியா இது, திருட்டுப் பூனையா?"
பின்சீட்டில் தலைவர் சிரித்தார்.
மறுநாள் முன்னால் ஒரு ஜீப் விடச் சொன்னார், சைரனோடு.
"நான் வர்றது ஜனத்துக்குத் தெரிய வேணாமாய்யா, அமலநாதா?"

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.
பழைய வண்டியில் எழுதுவது நாற்பது, ஊற்றுவது முப்பத்தாறு.
மிச்சம் நாலு லிட்டரில்
ரெஜினாவுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்.
கரண்ட்டைக் கேனில் பிடிக்க முடியாது.
நான் நல்லவனாகி எட்டு மாதம் ஆகிறது.

புயல் எச்சரிக்கை வந்த வாரம்
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் போட்டுக் காருக்கு ஏற்றினோம்.
டீசல் குடித்து அது உறுமிக்கொண்டிருக்க
மடியில் முட்டும் கன்றுபோல் பக்கத்தில் நின்றது கார்.
ஸ்டோர் கலியவரதன் தலையைத் துவட்டியபடி சொன்னான்:
"லைன் வந்தா மட்டும் என்ன,
நம்ம புகை நெய்வேலிக்காரன் மூக்குல."
அவன் மாமனார் வீடு மந்தாரக்குப்பம்.
வெள்ளை வேட்டியை வெளியே காயப்போட மாட்டார்களாம்.

அதற்காகப் பழைய வண்டியே தேவலை என்று
சொல்ல வாய் வரவில்லை.
லிட்டருக்கு எட்டுதான் கொடுக்கும், மலைபோல.
பாகூர் போய்த் திரும்பினால்
அங்கே நாற்று நடுகிறவளின் நாள்கூலி எரிந்திருக்கும்.
இது அதில் கால்வாசி கேட்கிறது.
கால்வாசியும் அவள் கொடுக்கிறதுதான்.

தணிக்கைக்கு வந்தவர் புத்தகத்தைப் புரட்டி
யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்.
ஆறரை என்றேன்.
சந்தோஷப்பட்டுப் பச்சை மையில் டிக் போட்டார்.
ஏழாவது கட்டத்துக்கு அவர் கண் போகவேயில்லை.
பயணத்தின் நோக்கம் என்று அச்சடித்த கட்டம்.
அதில் என் கையெழுத்தில் மேலிருந்து கீழ்வரை
பொதுப்பணி, மேற்படி, மேற்படி, மேற்படி.
திருநள்ளாறு ஒரு மேற்படி.
மச்சினி வளைகாப்பு ஒரு மேற்படி.
நாய்க்கு ஊசி போடக் குரும்பாபேட் போனது
இரண்டு மேற்படி, முதல்நாள் டாக்டர் இல்லை.
ஒரு மேற்படியில் நிஜமாகவே
வெள்ளம் புகுந்த தெருவுக்குப் போனோம்.
முழங்கால் தண்ணீரில் இறங்கி
ஒரு மணி நேரம் நின்றார், குடைகூட வாங்காமல்.
அதையும் மேற்படி என்றுதான் எழுதினேன்.
கைக்கு வேறு வார்த்தை பழகவில்லை.

இரவு பத்தரைக்குக் காருக்கு வயரை மாட்டிவிட்டு
என் வண்டியை உதைக்கிறேன்.
நாலாவது உதைக்குத்தான் எழுந்திருக்கும்.
வீடு ரெட்டிச்சாவடி.
எல்லை தாண்டினால் விலை ஏறும் என்று
முள்ளோடை பங்க்கில் இந்த நேரத்திலும் வரிசை,
எல்லாம் கடலூர் வண்டிகள்.
"நூறுக்குப் போடு தம்பி."
"ஜீரோ பாத்துக்குங்க சார்."
பார்க்கிறேன்.
எனக்குப் பின்னால் மருந்துக்கடைப் பையன்,
அவனுக்குப் பின்னால்
தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்த ஒரு பெண்,
யாரும் பேசவில்லை.
எண் ஓடுகிறது.
எல்லாரும் அந்த மீட்டரையே
கண்கொட்டாமல்.