ஆறு மூடை மாப்பொருள்

ஞாயிறு இரவு யானை வந்து
குசினிச் சுவரை மெல்லத் தள்ளி
விதைக்கென்று வைத்திருந்த ஆறு மூடையில்
நாலைத் தின்றது.
ஐந்தாவதைக் கிழித்துப் பார்த்துவிட்டு
ஏனோ விட்டுவிட்டது.
ஆறாவதில் ஒரு கால்தடம்.

திங்கள் காலை பதினோராம் தரத்துக்குச் செய்முறை:
உயிரின் இரசாயன அடிப்படை.
ஆய்வுகூட உதவியாளர் நான்.
லீவு கேட்டால் அதிபர் தருவார்தான்,
அலுமாரித் திறப்பு என் கைப்பையில் கிடக்கிறதே.

சோற்றுப் பருக்கையில் அயடீன் ஒரு துளி.
மஞ்சட்கபிலம் பரவி, நின்று, யோசித்துக்
கருநீலமாயிற்று.
"அக்கா, யானை நிறம்"
பின்வாங்கிலிருந்து கோபிதரன்.
வகுப்பு சிரித்தது.
அவனுக்குத் தெரியாமல் இருக்காது.
ஒலுமடுவில் யானைச் செய்தி
மோட்டார்சைக்கிளுக்கு முன்னால் போகும்.

மாப்பொருள் என்பது
கைகோத்து நிற்கும் குளுக்கோசு.
கோத்த கையை விடுவிக்க
கொஞ்சம் எச்சில் வேண்டும், நீர் வேண்டும், நேரம் வேண்டும்.
இந்த நேரம் எங்கள் ஆட்டக்காரி நெல்
முதிரைக் காட்டுக்குள் எங்கோ
ஒரு பெரிய வயிற்றின் இருட்டில்
ஒவ்வொரு கையாக விட்டுக்கொண்டிருக்கும்.
விட்ட கைகள் சேர்ந்து
ஒரு காதை அசைக்கும்.

தேனோடு பெனடிக்கின் கரைசல்:
நீலம், பச்சை, மஞ்சள்,
பிறகு செங்கட்டிச் சிவப்பு.
இடிந்த சுவரும் அதே சிவப்புத்தான்,
அதைச் சொல்லவில்லை நான்.

முட்டை, இடிபாட்டுக்குள் எடுத்தது.
கோழி எங்கே என்று இன்னும் தெரியாது.
வெண்கருவுக்குள் செப்புசல்பேற்று விழ
ஊதா எழுந்தது,
கத்தரிப்பூவின் ஊதா.
புரதம் என்றார் ஆசிரியர்.
கோழியாக வேண்டியிருந்தது
என்று யாரும் எழுதவில்லை.

கொழுப்புக்குக் கச்சான்.
வடிதாள் முடிந்துபோனதால்
கிராம அலுவலர் காலையில் தந்த
நட்டஈட்டுப் படிவங்களில் பிழைவிட்ட ஒன்றை எடுத்து
பருப்பை வைத்து நசுக்கினேன்.
யன்னலுக்கு நேரே பிடித்தால்
எண்ணெய்ப் பொட்டின் வழியே வெளிச்சம் வந்தது,
சரியாக,
"பெறுமதி, ரூபாவில்" என்ற இடத்தில்.

கரும்பலகையில் நாலாவதும் இருந்தது.
நியூக்கிளிக்கமிலம்.
"அதுக்கு என்ன நிறம்?" என்று கேட்டாள் சாருகா.
அலுமாரியில் அதற்கு ஒரு போத்தலும் இல்லை.
"சோதினைக்கு வராது," என்றார் ஆசிரியர்.
மணியடித்தது.
சோதனைக்குழாய்களை நான் கழுவினேன்.
ஊதா லேசில் போகவில்லை.

*

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்த பிறகு
குளக்கட்டின் மறுபக்கம்
யானை இலண்டக் குவியல் ஒன்றைச் சுற்றி
தவசீலன் குந்தியிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினொன்று.
நாருக்கும் சருகுக்கும் இடையில்
பதினொரு நெல் நாற்று.

அந்தப் பெரிய வயிறு
எல்லாக் கைகளையும் பிரித்துவிடவில்லை.
உமி மூடிய ஒரு சில,
உள்ளே சுருட்டி வைத்த குறிப்பை
ஒரு எழுத்தும் அழியவிடாமல்
காடு முழுக்கக் கொண்டு திரிந்திருக்கின்றன.
மழை வந்து வாசித்திருக்கிறது:
வேர் இங்கே. இலை இப்படி.
இத்தனை நாளில் கதிர்.

"பிடுங்கி வயலில நடுவமே?"
"யானை விதைச்சது. விளைஞ்சால்
அதுவே வந்து வெட்டட்டும்."
சொல்லிவிட்டு எழும்பாமல்
கடைசி நாற்றின் அடியில் சேற்றை
விரலால் அணைத்துவிட்டார்.

அவர் திரும்பிய நேரம் நான் ஒன்றைக் களவெடுத்தேன்.
சோதனைக்குழாயில் நீர் விட்டு
யன்னலோரம் நிறுத்தினேன்.

சாருகா வந்து பார்த்தாள்.
நான் எதுவும் சொல்லாமலே
எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
கொப்பியைத் திறந்து
நாலாவதுக்கு நேரே, வெறுமையாய்க் கிடந்த கட்டத்தில்
பச்சை என்று எழுதினாள்.

அது பச்சையத்தின் நிறம், பிள்ளை,
வேறொரு மூலக்கூறு,
வேறொரு பாடம்.

திருத்தவில்லை நான்.