ஏழாவது டேக்

டானிங்டன் வளைவில் வைத்து
ஒரே காலையில் ஏழு முறை
இந்த ஊரை விட்டுப் போனேன்.

முந்நூற்றைம்பது ரூபாய், எலுமிச்சை சாதப் பொட்டலம்,
பேருந்தில் நாலாவது ஜன்னல்.
மடியில் வைத்துக்கொள்ள ஒரு பெட்டி தந்தார்கள்.
காலிப் பெட்டி.
கனக்கிற மாதிரிப் பிடிங்க என்றான் தொப்பிக்காரப் பையன்.

மேட்டுப்பாளையம் பலகைமேல்
சென்னை என்று ஒட்டியிருந்தது.
ஓட்டுநர் பெள்ளன் அண்ணன் சிரித்தார்:
டீசல் குஞ்சப்பனை வரைக்குந்தான் இருக்கு.

கதைப்படி நாயகனுக்கு இங்கே மூச்சு முட்டுகிறது.
போன மாதம் இதே வளைவுக்கு
வேறொரு படத்தின் ஜோடி
காற்று வாங்க வந்து ஆடிவிட்டுப் போனது.

கிளம்புவோம். சில்வர் ஓக் மரங்கள் பின்னே நகரும்.
கட். ரிவர்ஸ்.
மூன்றாம் முறை நாய் குறுக்கே வந்தது.
நாலாம் முறை ரஞ்சிதமலர் கேமராவைப் பார்த்துவிட்டாள்.
ஐந்தாம் முறை மூடுபனி இறங்கி
ஒரு மணி நேரம் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள்,
விலகியதும் புகை மெஷினை ஓடவிட்டார்கள்.

திரும்பிப் பாக்காதீங்கம்மா,
போறவங்க பாக்க மாட்டாங்க என்றான் பையன்.
தலைமன்னாரில் கப்பலேறிய என் அப்பா
கழுத்து வலிக்கும்வரை பார்த்தாராம்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஏழாவதில் வளைவு தாண்டியும் விசில் வரவில்லை.
பெள்ளன் அண்ணன் ஓட்டிக்கொண்டே இருந்தார்.
ஒரு பர்லாங். இன்னொன்று.
வண்டிக்குள் ஒருத்தரும் பேசவில்லை.
பெட்டி
உண்மையாகவே கனத்தது.
பிறகு பைக்கில் துரத்தி வந்தான் பையன்:
ஓகே ஆயிடுச்சுண்ணே, திருப்புங்க.

எங்கள் ஊர்த் தியேட்டர் இப்போது கேரட் குடோன்.
படம் பார்க்க மேட்டுப்பாளையம் இறங்கினோம்,
நானும் ரஞ்சிதமும்.
என் முழங்கை வந்தது, அரை நொடி.
வளைவு முடிகிற இடத்தில் வெட்டி
அடுத்த காட்சி சென்ட்ரல் ஸ்டேஷன்.
யாருக்கும் காது அடைக்கவில்லை,
குஞ்சப்பனையில் யாரும் வாந்தி எடுக்கவில்லை,
ஃபேக்டரியில் லீவு கேட்டு நிற்கவில்லை.
அரங்கம் விசிலடித்தது.
நானும் கைதட்டினேன் என்று நினைக்கிறேன்.

கடைசி வண்டி.
மேலே ஏற ஏற
ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள்.

அந்தப் பெட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
பரண்மேல் இருக்கிறது.
நாலு பருத்திப் புடவை,
ரேஷன் கார்டு நகல், பி.எஃப். சீட்டு,
ஒரு சோப்பு, பிரிக்காதது.

ஸ்வெட்டர் வைக்கவில்லை.